எப்சிலான் தர மறுத்த கதை

"மைனஸ் ரெண்டு லட்சம்னு காட்டுதே சார், அதையே போட்டுக் கொடுத்துடுங்க. கைடு கேக்கிறாங்க."

எங்கள் ஆய்வகத்துக்குச் சாம்பிள் கொண்டுவந்த ஆராய்ச்சி மாணவி கேட்டது அதன் எப்சிலான், அதாவது ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்கும் திறனைக் காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மாட்டேன் என்றேன். மறுத்தது சரிதான் என்று காலையில் தோன்றும். மாலைக்குள் சந்தேகம் வந்துவிடும்.

சாம்பிள், இரும்பு-சிலிக்கான்-போரான் உலோகக் கண்ணாடி. 25 மைக்ரான் தடிமன் ரிப்பனை, குண்டுகள் உருளும் அரவை மில்லில் அரைத்து, வில்லையாக அழுத்தி, இரண்டு பக்கமும் சில்வர் பேஸ்ட் பூசியிருந்தார் அந்த மாணவி. அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் இதன் மின்தடை எண் 130 மைக்ரோ ஓம் செ.மீ. வரை போகும், டிரான்ஸ்ஃபார்மரில் போடும் சிலிக்கான் ஸ்டீலைப் போல இரண்டரை மடங்கு. அவ்வளவு இருந்தும் உலோகம் உலோகம்தான். வில்லையின் மொத்த மின்தடை ஒன்றிரண்டு ஓம். அதே அளவு காற்று இடைவெளியின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டம் தேக்கும் அளவு, ஒரு பிக்கோஃபாரட்கூடத் தேறாது. மீட்டரோ நூறு நானோஃபாரட் காட்டியது, லட்சம் மடங்குக்கும் மேல், அதுவும் மைனஸில்.

உலோகத்துக்கு எப்சிலான் மைனஸில் வரும் என்று கைடு சொன்னாராம். வரும்தான். ஆனால் வயரை வளைத்தால் அது மாறக் கூடாதே? லீடு வயரைக் கையால் கொஞ்சம் நகர்த்திக் காட்டினேன். இரண்டு லட்சம் இரண்டரை லட்சமானது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது வயரின் இண்டக்டன்ஸை, மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் அதன் குணத்தை. அதைக் கெப்பாசிட்டன்ஸ் ஆக்கி, தடிமனால் பெருக்கி, பரப்பால் வகுத்து, எப்சிலான் என்று பெயர் வைப்பது மென்பொருளின் வேலை. இம்பீடன்ஸையும் (ஏசி மின்சாரத்துக்கான மொத்தத் தடை) அதன் கோணத்தையும் மட்டும் பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். அந்த மாணவி திரும்பிக் கேட்டார்: "இதே பவுடரை மெழுகில கலந்து, 7 மில்லிமீட்டர் வளையமாக் கொடுத்தா, 2லேர்ந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் எப்சிலான் தர்றீங்க. அது மட்டும் எப்படி சார்?"

"அது கலவையோட எப்சிலான்மா. துகளைச் சுற்றி மெழுகு இருக்கு."

"என் வில்லையில துகளைச் சுற்றி ஆக்சைடு இருக்கே?"

என்னிடம் பதில் இருந்தது. துகள் மேல் இருக்கும், மின்சாரம் கடத்தாத ஆக்சைடு தோல் மெலிசு, அழுத்தும்போது கிழிந்துவிடும், துகளோடு துகள் ஒட்டி மின்சாரம் பாய வழி கிடைத்துவிடும். ஒன்றிரண்டு ஓம் என்பதே அதற்குச் சாட்சி. இதைச் சொன்னேனா, "ரூல்ஸ் அப்படி" என்று சொல்லி அனுப்பினேனா என்பதுதான் இப்போது குழப்பமாக இருக்கிறது. பிரிண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேறு எங்கோ அளந்து வாங்கிக்கொண்டார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

எண்ணைப் புரிந்துகொள்வது அவர்கள் வேலை, அளந்து கொடுப்பது மட்டும் என் வேலை என்றும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண் என் மேஜையிலிருந்துதானே போகும்? அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? 1 ஓம் என்றால் தர மாட்டேன், சரி. 1 கிலோ ஓம் என்றால்? 100 கிலோ ஓம் என்றால்? இப்போதெல்லாம் வில்லை வந்ததும் முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறேன். எந்த எண்ணுக்குக் கீழே திருப்பி அனுப்புவது என்று மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

போன வாரம் எடையில் 80 சதவீதம் பவுடர் கலந்த மெழுகு வளையம் ஒன்று வந்தது. கன அளவில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். துகள்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று கேட்காமலே எப்சிலானைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.