தீப்பொறி கிடையாது

ஜூலை 8

உயிரின் தோற்றம் பற்றிய லேப் வகுப்புக்கு எச்.எம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 9

கடைசி பெஞ்ச்காரன் இன்றும் விடவில்லை. "மிஸ், மில்லர் செஞ்சதையே செய்யலாம். பொறி விட பிசிக்ஸ் லேப்ல இண்டக்‌ஷன் காயில் இருக்கு." உயிர் தோன்றும் முன் பூமியில் இருந்ததாகக் கருதிய வாயுக்களில் மின்பொறி விட்டு அமினோ அமிலம் உண்டாக்கியவர் ஸ்டான்லி மில்லர். 1953-ல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு 23 வயதுதான் என்பது அவன் மனசில் தைத்துவிட்டது.

தூக்கம் வரவில்லை. மில்லரின் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே மில்லர் பொறி விட்டார். ஒரு மூட்டு கசிந்து காற்று உள்ளே போனால் போதும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சிகாகோவில் அவர் வைத்திருந்தது 5 லிட்டர் குடுவை. அது எங்கள் லேபில் சிதறினால் முதல் பெஞ்சில் யார் கண்? ஒவ்வொரு முகமாக வந்து போகிறது.

ஜூலை 11

கையெழுத்து ஆயிற்று. தீப்பொறி கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

ஜூலை 12

பொறிக்குப் பதில் துளிச் சோதனை. நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கி, ஊறவைத்து, துணியில் வடிகட்டினேன். 1 சதவீதக் கரைசல். ஜெலட்டினும் அப்படியே. ஜெலட்டின் 5 மில்லி, பிசின் 3 மில்லி, மேலே 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக. நுண்துளிகள் உருவாகி, சட்டென்று நீர்மோர் போலக் கலங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் தெளிந்துவிடுகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் நிறுத்துவார்களா?

ஜூலை 16

நிறுத்தினார்கள்! எல்லோர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி. மைக்ரோஸ்கோப்பில் இரண்டு துளிகள் நெருங்கின, ஒட்டின, ஒன்றாகிப் பெருத்தன. "மிஸ், உயிரு!" என்று கத்தினாள் ஒருத்தி. இல்லைம்மா, இதற்குள் மரபுப்பொருள் எதுவும் இல்லை. செல்லுக்கு முந்தைய நிலை இப்படி இருந்திருக்கலாம் என்று ரஷ்ய விஞ்ஞானி ஓபாரின் கருதினார், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் வேடிக்கை மட்டும் காட்டுவது அநியாயம்.

கடைசி பெஞ்ச்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 18

அவன் வரவில்லை.

ஜூலை 19

நின்ஹைட்ரின், அமினோ அமிலத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் வேதிப்பொருள். தீப்பற்றும் ஆல்கஹால் கரைசல் என்பதால் பர்னரை அறைக்கு வெளியே வைத்துவிட்டேன். தாளைச் சூடாக்க ஹாட் பிளேட். கிளைசின் என்ற அமினோ அமிலம் வைத்த இடம் மட்டும் ஊதாவாகப் பூத்தது. மில்லரும் தன் குடுவையில் கிளைசின் இருப்பதை இதைத் தெளித்துத்தான் பார்த்தார் என்றதும் அவன் எழுந்து முன்னால் வந்தான். தாளை நெடுநேரம் வைத்திருந்தான்.

"மிஸ், அந்தத் துளிக்குள்ள நொதி போட்டா வேலை செய்யுமா?"

ஓபாரின் அதையும் செய்தார், துளிக்குள் மாவுச்சத்தே உருவானது. அயோடின் பாட்டில் எங்கே இருக்கிறதென்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.