அரை அங்குல ஸ்லீவும் கருகிய டிகோடரும்

சந்தையில் ஒரு பெரியவர் காலணிப் பெட்டிக்குள் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ட்ரை-ஆங் தயாரித்த பழைய ஜின்ட்டி பொம்மை ரயில் இன்ஜின். கறுப்பு உடல், பக்கவாட்டில் 47606 என்ற எண், இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. நிஜ ஜின்ட்டிகள் 1924 முதல் 1931 வரை மொத்தம் 422 செய்யப்பட்டன. இங்கிலாந்தின் யார்டுகளில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளியே வாழ்நாளைக் கழித்தவை அவை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். பேசியிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

வீட்டில் என் தண்டவாளம் டிஜிட்டல் முறையில் ஓடுகிறது. பழைய முறையில் தண்டவாளத்தில் விடும் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். கைப்பிடியைத் திருப்பினால் மேலே நிற்கும் எல்லா இன்ஜினும் சேர்ந்து கிளம்பும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கிறது. அது திசை மாறி மாறித் துடிக்கிறது. அரைத்துடிப்பு 58 மைக்ரோவினாடி என்றால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். இந்த ஒன்று, பூஜ்யங்களில் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று படித்து மோட்டாரை ஓட்டுகிறது. ஆகவே டிகோடர் வழியாக அல்லாமல் மோட்டாரின் எந்த முனையும் தண்டவாளத்தைத் தொடவே கூடாது.

இந்தக் கிழவி செய்யப்பட்ட காலத்தில் டிகோடர் என்ற பேச்சே கிடையாது. உள்ளே இருப்பது எக்ஸ்04 மோட்டார். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் இரண்டு கார்பன் பிரஷ்களையும் கொண்டை ஊசி போன்ற ஒரே கம்பிச் சுருள்தான் அழுத்திப் பிடிக்கிறது. அதன் ஒரு காலில் மின்காப்பு ஸ்லீவ் உண்டு, மற்றதில் கிடையாது. ஸ்லீவ் இல்லாத கால் வழியே அந்தப் பிரஷ் உலோக அடிச்சட்டத்தோடு இணைந்துவிடுகிறது. அடிச்சட்டம் ஒரு பக்கச் சக்கரங்களோடு, சக்கரங்கள் தண்டவாளத்தோடு. சிக்கனமான ஏற்பாடு. டிகோடருக்கு மட்டும் எமன்.

வேலை சின்னதுதான். காந்தத்தைக் கழற்றவில்லை; கழற்றினால் அதன் வலு குறைந்து மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். சுருளை மட்டும் இடுக்கியால் தூக்கி, வெறும் காலில் அரை அங்குல ஸ்லீவ் ஒன்றை நுழைத்தேன். பழைய கெப்பாசிட்டரை வெட்டி எறிந்தேன். பிறகு வயர்கள். வலது தண்டவாளத்துக்குச் சிவப்பு, இடதுக்குக் கறுப்பு, மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும். விளக்கு இல்லாத இன்ஜின் என்பதால் வெள்ளை, மஞ்சள், நீல வயர்களின் முனைகளை மூடி ஒதுக்கிவைத்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரஷ்ஷிலும் மறுமுனையை அடிச்சட்டத்திலும் வைத்தேன்; இரண்டும் இணைந்திருந்தால் அது கத்தும். சத்தம் இல்லை. இன்னொரு பிரஷ்ஷிலும் இல்லை. நிம்மதியாகச் சுருளை இன்னொரு தடவை நன்றாக அழுத்தி உட்கார வைத்தேன்.

அந்த இன்னொரு தடவைதான் வினை. நான் புது ஸ்லீவ் போட்டது ஒரு காலுக்கு மட்டும். மற்றக் காலில் இருந்த பழைய ஸ்லீவ் பல பத்தாண்டுச் சூட்டைக் கண்டு அப்பளமாகிக் கிடந்திருக்கிறது. அழுத்தியதும் வெடித்துவிட்டது. அழுத்திய பிறகு மல்டிமீட்டர் வைக்கவில்லை. டிகோடருக்குள் நிரல் எழுதுவதற்கென்று இருக்கும் தனித் தண்டவாளத்தில் மின்சாரம் குறைவாகத்தான் வரும், அங்கே முதலில் வைத்திருந்தால் டிகோடர் ஒருவேளை பிழைத்திருக்கும். எனக்கோ ஓடுவதைப் பார்க்கும் அவசரம். நேராகப் பெரிய தண்டவாளத்தில் வைத்து வேகத்தைக் கூட்டினேன். இன்ஜின் ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு அந்த மணம். சால்டரிங் புகையின் மணம் எனக்குப் பிடிக்கும். இது அது இல்லை. டிகோடரின் பிளாஸ்டிக் உறையில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். எதிரே காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தாமலே, "எவ்வளவு?" என்று கேட்டாள். பாதி விலை சொன்னேன்.

இரண்டாவது டிகோடர் வர நான்கு நாள். அதற்குள் இரண்டு காலுக்கும் புது ஸ்லீவ் போட்டு, சுருளை வேண்டுமென்றே ஆட்டியும் அழுத்தியும் ஒவ்வொரு தடவையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்தி அளந்தபோது 0.9 ஆம்பியர் இழுத்தது. 1 ஆம்பியர் தாங்கும் டிகோடருக்கு நூலிழை இடைவெளிதான். பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரின் கரியைப் பஞ்சால் துடைத்து, அச்சுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டபின் ஓட்டம் இலகுவானது. டிகோடரை மோட்டாரின் சூடு படாமல் பாய்லரின் முன்பகுதியில் சூடு தாங்கும் காப்டான் நாடாவால் ஒட்டினேன்.

இம்முறை நிரல் தண்டவாளம்தான். கட்டுப்பாட்டுப் பெட்டியில் டிகோடரின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். இன்ஜின் லேசாக விதிர்த்தது. டிகோடருக்கு வாய் கிடையாது. மோட்டாருக்கு ஒரு நொடிப்பொழுது மின்சாரம் கொடுத்துத்தான் அது 'ஆம்' சொல்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தூக்கத்தில் 'ம்' கொட்டுவதுபோல ஒரு சிறு உதறல். திரையில் 3 வந்தது. புது டிகோடர் எல்லாவற்றுக்கும் பிறப்பு எண் அதுதான். பக்கவாட்டு எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்து 6 என்று மாற்றினேன்.

முன்னால் போகச் சொன்னால் பின்னால் போனது. ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். மறுபடி சால்டரிங் அயர்னை எடுக்க மனம் வரவில்லை. டிகோடரின் சிவி 29 என்ற அமைப்பில் 6 இருந்த இடத்தில் 7 எழுதினேன், பின்புறம் முன்புறமாகிவிட்டது. கம்பியில் செய்த பிழையை எண்ணால் திருத்துவது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். உடலை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

சிவி 3 இல் 12 வைத்திருக்கிறேன், மெல்ல வேகமெடுக்க. பாதை பிரியும் இடத்தில், பிளாஸ்டிக் முனை கொண்ட ஒரு பாயின்டின் மேல் மட்டும் மின்சாரம் அறுந்து இன்னும் நின்றுவிடுகிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போகும். அடுத்த பாதையில் இன்னோர் இன்ஜின் தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்காகக் காத்து நிற்க, ஜின்ட்டி மட்டும் மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மேசை ஓரம்வரை போய்த் திரும்புகிறது. முழு விலையை நேற்றுச் சொல்லிவிட்டேன்.