விலை சொல்லாமல் பூ விற்றேன்

அக்டோபர் கடைசி வந்தால் லண்டனில் கோட்டுக்குக் கோட்டு சிவப்புக் காகிதப் பூ. பாப்பி. முதல் உலகப் போரில் குண்டு விழுந்து புரண்ட பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மண்ணில் தானாகப் பூத்தது. 1921இல் பிரிட்டிஷ் லீஜன் அமைப்பு முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட அதைச் செயற்கைப் பூவாக விற்க ஆரம்பித்தது. போன வருடம் ஈஸ்ட்ஹாமில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நானும் நின்றேன்.

தொண்டராகப் பெயர் கொடுத்த சில நாளில் எங்கள் பகுதி ஒருங்கிணைப்பாளர் முத்திரை ஒட்டிய உண்டியல், கழுத்தில் மாட்டும் தட்டு, அடையாள அட்டை, பூப்பெட்டி, குண்டூசி டப்பா எல்லாம் கொண்டுவந்தார். உண்டியலைக் குலுக்கக் கூடாது, யாரையும் வழிமறிக்கக் கூடாது, விலை சொல்லக் கூடாது என்றார்.

கடைசியதுதான் எனக்குச் சிரமம். மதுரைக்காரனுக்குப் பூ என்றால் முழம் எவ்வளவு என்றுதான் வாய் வரும். முதல் நாளே ஒருவர், கையில் ஐந்து பவுண்டு நோட்டு, எவ்வளவு என்று கேட்டார். பழக்க தோஷத்தில் ஒரு பவுண்டு என்று சொல்லிவிட்டேன். நோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஒரு நாணயத்தைப் போட்டார். அன்று இரவு முழுக்க மனசு அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு, "உங்கள் விருப்பம்" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை.

நிற்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே நுழைகிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், வெளியே வருகிறவர்கள்தான் நிற்பார்கள். அந்தப் பக்கமாக நில்லுங்கள். விரல் நுனி இல்லாத கையுறை வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் குண்டூசி பிடிக்க வராது.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்தக் காசு ஆருக்குப் போகுது?"

சொன்னேன். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போனதையும், நான் இங்கே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டு பவுண்டு போட்டார். பூவை வாங்கினார், குத்திக்கொள்ளவில்லை. "என்ர தம்பியும் சண்டையில போனவன்" என்று மட்டும் சொல்லி, அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை மூடினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர் கேட்ட கேள்வி பழையது. 1930களில் இலங்கையில் பாப்பிப் பணத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே போகிறது என்று கோபப்பட்ட இளைஞர்கள், முதல் உலகப் போர் முடிந்த நாளான அதே நவம்பர் 11இல் மஞ்சள் பூவரசம்பூவை விற்றார்கள். சூரியமல் இயக்கம் என்று பெயர்; சிங்களத்தில் பூவரசம்பூவுக்கு அதுதான் பெயர். அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தெரிந்துகொண்டேதான் நின்றேன், கேட்டவர்களிடம் மறைக்கவுமில்லை.

நவம்பர் 11 காலை பதினொரு மணிக்குக் கல்லாக்களின் பீப் சத்தம் நின்றது. தள்ளுவண்டிகள் அப்படியே நின்றன. போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அப்புறம் முதல் கல்லா ஓட ஆரம்பித்தது.

மதியம் மிஞ்சிய பூக்களை எண்ணி, முத்திரை உடையாத உண்டியலை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன்.