சூடானால் படுத்துக்கொள்ளும் மேக்னெட்டோ: ட்ரயம்ப் மாடல் எச், இதுவரை நடந்தது

பேட்டரி இல்லாமல் காந்தத்தைக் கொண்டே ஸ்பார்க் உண்டாக்கும் கருவி மேக்னெட்டோ. இந்தப் பழைய ட்ரயம்ப் மாடல் எச் மோட்டார்சைக்கிளில் அது சூடேறினால் வேலை செய்வதில்லை. அதன் கன்டென்சர் (மின்தேக்கி) மாற்றியாயிற்று. குளிர்ந்த நிலையில் ஸ்பார்க் நீலமாக, சத்தத்தோடு விழுகிறது. ஆனாலும் வண்டி முழுநாள் ஓட்டத்துக்கு இன்னும் தயார் இல்லை. முன்பு ஐம்பது நிமிடத்தில் நின்றது, இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு நிற்கிறது. பாதி நோய் தீர்ந்திருக்கிறது, மீதி வைண்டிங்குக்குள், அதாவது வயர் சுருளுக்குள், உட்கார்ந்திருக்கிறது.

வழியில் நின்றால் முதல் பழி பெட்ரோல்மேல்தான் விழும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதேபோல் கொஞ்ச நேரம் ஓடித்தான் நிற்கும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அடுத்த கிக்கிலேயே கிளம்பினால் அது துளை வேலை. பெட்ரோல் போதாமல் நிற்பதென்றால் கார்புரேட்டர் வழியே திருப்பித் துப்பும், இழுவை குறையும், பிறகுதான் நிற்கும். மேக்னெட்டோ சூட்டில் படுப்பது அப்படி இல்லை. வேகமாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. த்ராட்டிலை மூடி மெதுவாக வந்தால் சட்டென்று அணையும், அதன்பிறகு எத்தனை கிக் அடித்தாலும் எழும்பாது. வைண்டிங் இருக்கும் சுழல் பாகமான ஆர்மேச்சர் வேகமாகச் சுற்றும்போது நோஞ்சான் வைண்டிங்கும் எப்படியோ வோல்டேஜ் கொடுத்துவிடும். மேக்னெட்டோவோ இன்ஜின் வேகத்தில் பாதிதான் சுற்றுகிறது, கிக்கில் கிடைக்கும் சுற்று அதற்குப் போதாது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். கோபம் வருவது அப்போதுதான்.

கன்டென்சர் போனதை, கரண்டைத் திறந்து மூடும் இரு முனைகளான பாயின்ட் காட்டிக்கொடுத்தது. 0.3 மி.மீ. இடைவெளி வைத்து இருட்டில் சுற்றிப் பார்த்தால் பாயின்ட்டுக்கு நடுவே வெள்ளையாகத் தீ பறந்தது. ஒரு முனையில் குழி, எதிர்முனையில் மேடு. எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப அதே நிலைதான்.

நல்ல மேக்னெட்டோக்கள் பாழாவது பெரும்பாலும் ஆர்மேச்சரை வெளியே இழுக்கும் நேரத்தில். முதலில் ஸ்பார்க் கரண்டை வெளியே எடுக்கும் பிக்கப்பும் அதன் கார்பன் பிரஷ்ஷும் வெளியே வரவேண்டும். அடுத்து அடியில் இருக்கும் எர்த் பிரஷ். கடைசியாக சேஃப்டி கேப் ஸ்க்ரூ. இந்த ஸ்க்ரூ, ஆர்மேச்சரோடு சுற்றும் வளையமான ஸ்லிப் ரிங்கின் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். இதை விட்டுவிட்டு இழுத்தால் விளிம்பு உடைந்து கையோடு வரும், ரிங் அதோடு முடிந்தது. குதிரைலாட காந்தமாக இருந்தால் ஆர்மேச்சர் வெளியே வரும்போதே காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிரும்புத் துண்டு ஒட்டியிருக்கவேண்டும். அந்தக் காலத்து எஃகு சும்மா கிடந்தாலே காந்தத்தை இழக்கும். பேரிங் வெளி வளையத்தைச் சுற்றி இருக்கும் இன்சுலேஷன் காகிதத்தையும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளையும் எது எந்தப் பக்கம் என்று குறித்து வைக்கவேண்டும். காகிதம் இல்லாமல் பூட்டினால் கரண்ட் பேரிங் வழியே போய் குண்டுகளில் குழி விழும்.

பழைய கன்டென்சர் பாயின்ட் பக்கத்துப் பித்தளை மூடிக்குள் இருக்கிறது. மெல்லிய உலோகத் தகடும் இன்சுலேஷனும் மாறிமாறி அடுக்கி அரக்கு ஊற்றியது. சுரண்டி எடுத்துவிட்டு 0.15 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொபிலீன் வகை வைத்தேன். 0.1 முதல் 0.2 வரை வேலை செய்யும். குறைந்தால் பாயின்ட் எரியும், மிகவும் கூடினால் ஸ்பார்க் மெலியும். கார் கன்டென்சரை வெளியே கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் சுற்றும் பாகம், இன்னொரு பக்கம் நிற்கும் பாகம் என்றிருக்கும் மேக்னெட்டோவில் அந்த வயரை எங்கே பிடிப்பது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

சால்டர் வைக்கும்போது கன்டென்சர் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டால் சூடு உள்ளே ஏறாது. இந்தப் பாகம் முழுக்கச் சுற்றுவதால் எபாக்ஸி ஊற்றி அசையாமல் செய்தே ஆகவேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது சூட்டில் இளகும். மெதுவாக இறுகும் வகையை ஊற்றி 60 டிகிரி வெதுவெதுப்பில் ஓர் இரவு வைத்தால் கல்லாகிறது. நடு ஸ்க்ரூ போகும் இன்சுலேஷன் புஷ்ஷை வைண்டிங் இணைப்பதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். இணைத்த பிறகு மல்டிமீட்டரை நம்பிப் பயனில்லை. பிரைமரி என்ற தடித்த வயர் சுருளே அரை ஓம்தான், ஷார்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும் மீட்டர் ஏறக்குறைய அதையே காட்டும்.

பூட்டி, வண்டியில் போடாமல் மேசையிலேயே டிரில் கொண்டு சுற்றிப் பார்த்தேன். 5.5 மி.மீ. இடைவெளியை ஸ்பார்க் தாண்டவேண்டும் என்பது சோதனை. வயரைத் திறந்துவிட்டு மட்டும் சுற்றவேண்டாம், ஸ்பார்க் வெளியே பாய வழியில்லாவிட்டால் செகண்டரி என்ற மெல்லிய வயர் சுருளின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும். குளிரில் நிமிடத்துக்கு 150 சுற்றிலேயே தாண்டியது. ஹாட் ஏர் கன்னால் மேக்னெட்டோவின் உடம்பை 70 டிகிரிக்கு ஏற்றியதும் 400 சுற்று கேட்டது. பாயின்ட்டில் தீ இல்லை, ஆகவே கன்டென்சர் குற்றவாளி அல்ல. ஸ்லிப் ரிங்கில் கார்பன் தூள் படிந்தால் அதன் வழியேயும் கரண்ட் ஓடிவிடும் என்பதால், பெட்ரோலில் நனைத்த துணியைப் பென்சில் முனையில் சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி சோதித்தேன். மாற்றமில்லை. செகண்டரி 5.2 கிலோ ஓம் காட்டுகிறது, எண் சரியாகவே இருக்கிறது. ஆனால் மீட்டரின் சில வோல்ட்டில் தெரியாத கசிவு பல ஆயிரம் வோல்ட்டில் திறந்துகொள்ளும். சூட்டில் ஆர்மேச்சர் ஓரத்தில் அரக்கு பிசினாகக் கசிந்து நின்றதைப் பார்த்ததும் சந்தேகமே இல்லை. ரீவைண்டிங்தான்.

பிரைமரிக்கு 0.7 மி.மீ. வயர் நூற்றி எழுபது சுற்றுக்குப் பக்கம், செகண்டரிக்குத் தலைமுடி அளவுக்கு மெல்லிய 0.06 மி.மீ. வயர் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கம். வீட்டில் செய்யும் வேலை அல்ல. கொடுப்பதற்குமுன் சுற்றும் திசையை அம்புக்குறி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வெற்றிடத்தில் வார்னிஷ் ஏற்றுகிறார்களா, சூடாக்கிச் சோதித்துத் தருகிறார்களா என்ற இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் வராத இடத்துக்கு இது போகாது. “வார்னிஷில் முக்கி எடுத்துடுவோம் சார்” என்றவர்களிடம் ஒருமுறை வேறொரு ஆர்மேச்சர் போய், ஓரம் மட்டும் காய்ந்து நடு ஈரமாகத் திரும்பி வந்தது.

இதற்கிடையில் மற்ற வேலைகள். மாடல் எச் 1915இல் வந்தது, முதல் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கு 30,000 அளவில் போனது, அதனால் பாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன. அந்த வருடம்தான் ஒரு எரிச்சலும்: இங்கிலாந்தில் பழைய மோட்டார்சைக்கிள்களுக்காக நடக்கும் பயனியர் ரன் 1915க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும், ஆக இதற்கு மயிரிழையில் இடமில்லை. 1931க்கு முந்தையவற்றை ஏற்கும் பான்பரி ரன் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவைக் குறுக்கே கடந்த 2010 மோட்டார்சைக்கிள் கேனன்பால் ஓட்டத்துக்கு, கிட்டி ஹாக்கிலிருந்து சான்டா மோனிகா வரை, 1916க்கு முந்தைய எதுவும் தகுதி. ஒரே நாளின் சூடு வேறு, நாள்கணக்கில் தொடர்ந்து ஏறும் சூடு வேறு. மேக்னெட்டோ விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் அதனால்தான்.

முன் ஃபோர்க்கின் படுக்கை ஸ்பிரிங் அறுந்தால் முன்பக்கம் தறிகெட்டு ஆடும். அந்தக் காலத்தில் தோல் வாரால் கட்டி ஓட்டினார்கள், நானும் கட்டப் போகிறேன். எக்ஸாஸ்ட் வால்வு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றியாயிற்று, பழையது நீண்ட ஏற்றத்தில் தலை கழன்றால் பிஸ்டனையும் கொண்டுபோகும். பின் பெல்ட் புதிது. முதல் நூறு கிலோமீட்டருக்குள் நீண்டுவிடும், ஒரு துண்டு வெட்டிக் கொக்கி போட்டுத் திரும்ப இணைக்கவேண்டும். கொக்கிக்கான துளையைப் பெல்ட்டின் வெட்டிய முனைக்கு மிக அருகில் போட்டால் ஈர ரோட்டில் வழுக்கிப் பிடிக்கும் நேரத்தில் கொக்கி பெல்ட்டைக் கிழித்துக்கொண்டு வரும். உபரியாக இரண்டு கொக்கி, அரை மீட்டர் பெல்ட், துளைக்கும் பஞ்ச், 0.3க்குத் தயாராக அளந்து வைத்த இன்னொரு பாயின்ட் செட். டூல் பாக்ஸில் இனி இடம் இருப்பது 18 மி.மீ. பிளக் இரண்டுக்கு மட்டும்.