என்ஜிஓ மேனேஜ்மென்ட் சம்மர் சர்டிபிகேட்: ரிசல்ட் வந்தாச்சு, அடுத்த பேட்ச்க்கு சில விஷயம்

ரிசல்ட் நேத்து சாயங்காலம் வந்துச்சு. பாஸ். கேஸ் பேப்பர்ல (ஒரு என்ஜிஓவோட கதையும் கணக்கும் கொடுத்து, என்ன பண்ணலாம்னு கேக்கற பேப்பர்) நான் கனவுலயும் நினைக்காத மார்க், குரூப் ப்ராஜெக்ட்ல நான் பயந்த மாதிரியே கேவலமான மார்க். ஃபீல்டுல வேலை பாக்கற நிறைய பேர் இதுல சேரலாமா வேணாமான்னு கேட்டுட்டே இருக்கீங்க, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். சிலபஸ், ஃபீஸ், அட்டெண்டன்ஸ் எல்லாம் ப்ரோஷர்ல இருக்கு, அதுக்குள்ள போகல.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்ல கோஆர்டினேட்டர், சாயங்கால டியூஷன் சென்டருங்கள பாத்துக்கறேன். எம்எஸ்டபிள்யூ படிச்சவன், கணக்குக்கும் எனக்கும் பத்தாவதோட உறவு முடிஞ்சுது. அதனால கீழ இருக்கறது எல்லாம் கணக்கு வராத ஒருத்தன் கணக்க வச்சே தப்பிச்ச கதை. சிஏ ஆபீஸ்ல இருந்து வந்தவங்க இத விட்டுட்டு லாக்ஃபிரேம்ல (திட்டத்தோட நோக்கம், வேலை, அளவுகோல், அனுமானம் எல்லாத்தயும் ஒரே அட்டவணைல போடறது) கவனம் வைங்க, எங்க பேட்ச்ல உங்க ஆளுங்க அங்கதான் அடி வாங்கினாங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன். கேஸ் பேப்பர்ல கதைய முதல்ல படிக்காதீங்க. நேரா பின்னாடி போய் இணைப்புல இருக்கற கணக்க எடுங்க, அப்புறம் கிராண்ட் அக்ரிமென்ட், கடைசியாதான் கதை. இத எனக்கு சொல்லிக் கொடுத்தது எந்த ஃபேகல்டியும் இல்ல, எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட் அக்கா. ஏப்ரல் மே-ல வருஷக் கணக்கு முடிக்கற நேரம், அவங்க ஃபைல் மலைக்கு நடுவுல உக்காந்திருப்பாங்க, நான் வகுப்பு முடிஞ்சு வந்து எங்க டிரஸ்டோட பழைய ஆடிட் ரிப்போர்ட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு முழிப்பேன். ஒரு நாள் எரிச்சலாகி, "தம்பி, கீழ இருக்கற மொத்தத்தயே ஏன் முறைச்சுட்டு இருக்கீங்க, ஒவ்வொரு வரிக்கும் இது யாரு காசு, எதுக்குன்னு வந்துச்சுன்னு கேளுங்க"ன்னாங்க. அவ்ளோதான். எனக்கு மொத்த ஃபைனான்ஸ் மாட்யூலும் அந்த ஒத்த கேள்விலதான் பிடிபட்டுச்சு.

எக்ஸாம்ல வந்த கேஸ் அப்படியே இதுதான். ஹாஸ்டல் நடத்துற ஒரு டிரஸ்ட், பேங்க்ல 18 லட்சம் இருக்கு, போர்டு பக்கத்து மாவட்டத்துலயும் ஆரம்பிக்கணும்னு துடிக்குது, பாதி வேலைய ஒரு கூட்டாளி என்ஜிஓவுக்கு பிரிச்சுக் கொடுக்கலாம்னு டைரக்டர் உருக்கமா நாலு பக்கம் பேசறாரு. நல்லா எழுதியிருந்தாங்க, படிச்சா கண்ணு கலங்கும், கலங்கிட்டு விரிவாக்கத் திட்டம் எழுத ஆரம்பிச்சுடுவீங்க. ஹால்ல முக்கால்வாசிப் பேர் அதத்தான் பண்ணாங்க. இணைப்ப பாத்தா 14 லட்சம் வெளிநாட்டு கிராண்ட்ல செலவாகாத பாக்கி, டாய்லெட் கட்டன்னு வந்தது. 3 லட்சம் கார்ப்பஸ், அதாவது தொடாம வைக்கற மூலநிதி, ஃபிக்சட் டெபாசிட்ல கிடக்கு. மிச்சம் 1 லட்சம் தான் டிரஸ்டோட சொந்தக் காசு, மாசச் செலவோ 2 லட்சம். அதாவது நன்கொடை நின்னா பதினஞ்சு நாள் தாங்கும், இவங்க அடுத்த மாவட்டத்துக்குப் போறாங்களாம். கூட்டாளிக்கு எஃப்சிஆர்ஏ காசப் (வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குக் கீழ வர்ற காசு) பிரிச்சுக் கொடுக்கறதும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் முடியாது, அந்தக் கூட்டாளிகிட்டயும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் முடியாது. நான் முதல் வரியே "இப்ப விரிவாக்கம் வேண்டாம்"னு எழுதிட்டு, மூணு மாசச் செலவுக்கு கையிருப்பு சேர்க்கறது எப்படின்னு மட்டும் மீதிப் பேப்பர ஓட்டினேன்.

நான் சுவத்துல ஒட்டி வச்சிருந்தது:

- வரி விலக்கு வேணும்னா டிரஸ்ட் வருமானத்துல 85% அந்த வருஷமே நோக்கத்துக்கு செலவாகணும். 15% கேள்வி கேக்காம வச்சுக்கலாம். அதுக்கு மேல சேர்க்கணும்னா என்ன காரணம்னு சொல்லி ஃபார்ம் 10, அதிகபட்சம் 5 வருஷம்.
- கார்ப்பஸ்ல இருந்து எடுத்து செலவு பண்ணா அது அந்த 85%ல சேராது.
- இன்னொரு டிரஸ்ட்டுக்கு நன்கொடை கொடுத்தா அதுல 85% தான் செலவா எடுத்துப்பாங்க (2023 மாற்றம்). கார்ப்பஸ்னு சொல்லிக் கொடுத்தா அதுவும் கிடையாது.
- 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வாங்கினா கொடுத்தவருக்கு 80ஜி வரிச் சலுகை இல்ல.
- பேர் தெரியாத நன்கொடை ஒரு அளவுக்கு மேல போனா 30% வரி. ஆண்டு விழாவுல உண்டியல் வைக்கறவங்க கவனிங்க.
- எஃப்சி-4 (வெளிநாட்டுக் காசுக்கான வருஷக் கணக்கு ஃபார்ம்) நிதியாண்டு முடிஞ்சு 9 மாசத்துக்குள்ள.
- எஃப்சிஆர்ஏ காசு முதல்ல இறங்க வேண்டியது டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்ல, உங்க ஊர் அக்கவுண்ட்ல இல்ல.

செக்ஷன் நம்பர மனப்பாடம் பண்ணி நேரத்த வீணடிக்காதீங்க. நம்ம வாய்ல பழகின 12ஏ (டிரஸ்ட்டோட வரி விலக்கு), 80ஜி எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்து நம்பர், 2026 ஏப்ரல் 1-லருந்து 2025 சட்டம், நம்பர் எல்லாம் மாறுது. எங்க ஃபேகல்டி ஒருத்தருக்கே வாய் பழசுக்குத்தான் போச்சு.

வைவால எல்லாரையும் மடக்கினது 20%, 5% கேள்வி. எஃப்சிஆர்ஏல நிர்வாகச் செலவு 20% தாண்டக் கூடாது, முன்னாடி 50% இருந்துச்சு. அது நம்ம மேல போட்ட கட்டுப்பாடு. சிஎஸ்ஆர்ல (கம்பெனிங்க சமூக வேலைக்கு செலவு பண்ற காசு) வர்ற 5% கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலைய நடத்த ஆகுற செலவுக்கு, நம்ம ஆபீஸ் வாடகைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா கம்பெனிக்காரங்களே நம்ம பட்ஜெட்ட பாத்து "அட்மின் 5% தான்"னு சொல்லிச் சொல்லி நமக்கும் அதுவே சட்டம்னு ஆயிடுச்சு. இதோட இன்னொண்ணு, டீச்சர் சம்பளம் நிர்வாகச் செலவு இல்ல, ஸ்கூல் நடத்துறதே நோக்கம்னா அது நேரடி வேலை. டாக்டருக்கும் அப்படித்தான். எக்ஸாமினர் எங்க டியூஷன் சென்டர வச்சே இதக் கேட்டாரு, நான் ரூலச் சொல்லி முடிக்கறதுக்குள்ள "போதும்"னுட்டாரு, வெளிய வந்ததும்தான் அது நல்ல போதும்னு புரிஞ்சுது.

லாக்ஃபிரேம் பத்தி நான் அதிகம் சொல்ல ஆள் இல்ல. அந்த அட்டவணைல கடைசி கட்டம், அனுமானம்னு இருக்கே, அதுல எல்லாரும் "அரசு ஒத்துழைப்பு கிடைக்கும்"னு எழுதறாங்க, அத மட்டும் எழுதாதீங்க, மார்க் கிடையாது. பருத்தி எடுக்கற சீசன்ல பிள்ளைங்க சென்டருக்கு வராம போகலாம், அந்த மாதிரி உங்க ஊர்ல நெசமா நடக்கறத எழுதுங்க. லீடர்ஷிப் வகுப்புல எல்லாரும் வட்டமா உக்காந்து அவங்கவங்க பயணத்த சொல்லணும், எனக்கு அதெல்லாம் ஆகாது, பிடிச்சவங்களுக்குப் பிடிக்கும்.

குரூப் ப்ராஜெக்ட். இங்கதான் வயிறு எரியுது. குரூப்ப அவங்களே பிரிச்சு விடுவாங்க, எங்க குரூப்ல ஸ்லைடு கலர் மாத்தறதயே வேலைன்னு நினைக்கற ஒரு கம்பெனி ஆளு, ஃபோன் எடுக்காத இன்னொருத்தர், அப்புறம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு பட்ஜெட் ஷீட்டோட நான். மார்க் எல்லாருக்கும் ஒண்ணு. புகார் சொன்னா "டீம் ஒர்க்கும் கத்துக்கணும்ல"ன்னு பதில் வருது. உங்களுக்கு என் அட்வைஸ்:

- முதல் நாளே யாரு எதுன்னு எழுதி மெயில்ல போடுங்க, ஃபேகல்டிக்கு காப்பி போகட்டும்.
- பட்ஜெட்ட நீங்களே பிடுங்கிக்கோங்க, ஒரு ஆளுக்கு எவ்ளோ, எத்தனை பேர், எத்தனை மாசம்னு உடைச்சுக் காட்டுங்க. "பயிற்சி - 2 லட்சம்"னு ஒத்த வரி வந்தா கிழிப்பாங்க.
- குரூப் ஸ்டடி வேணாம். டீ செலவுதான் ஆகும். இது என் குணம், உங்களுக்கு செட் ஆனா பண்ணுங்க.

லீவு விஷயம். மே மாசம் நமக்கு சம்மர் கேம்ப், கணக்குப் பிரிவுக்கு வருஷ முடிவு, மே 31-க்குள்ள நன்கொடையாளர் லிஸ்ட்ட வருமான வரித் துறையோட 10பிடி ஃபார்ம்ல ஏத்தணும், சரியா அப்பத்தான் இந்த கோர்ஸ வைக்கறாங்க. என்ஜிஓல வேலை பாக்காத யாரோதான் தேதி முடிவு பண்ணியிருக்கணும். அதனால அக்கவுண்டன்ட்டா இருக்கறவங்க ஜனவரிலயே டைரக்டர்கிட்ட பேசி ஆள் ஏற்பாடு பண்ணிடுங்க. ஃபீல்டு ஆளுங்களுக்கு இதுவே லாபம், ஆபீஸ்ல கணக்கு மொத்தமும் மேஜை மேல திறந்து கிடக்கும், கூட உக்காந்து வவுச்சர் அடுக்கிக் கொடுங்க, ஓசில ட்யூஷன் கிடைக்கும். ஆடிட் ரிப்போர்ட்ட வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி மட்டும் டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சில இடத்துல அது பெரிய பஞ்சாயத்து ஆகும்.

சம்பளம் ஏறுமான்னு கேட்டவங்களுக்கு: எனக்கு ஏறல. ஃபீஸ்ல பாதி ஆபீஸ் கொடுக்கறேன்னு வாயால சொல்லியிருந்தாங்க, இப்ப எந்த ப்ராஜெக்ட் தலைப்புல எழுதறதுன்னு அக்கா என்னையே கேக்கறாங்க. ஸ்டாஃப் ட்ரெய்னிங்னு எந்த கிராண்ட்லயும் ஒரு வரி கூட இல்ல, நானே மூணு பட்ஜெட்டயும் பாத்துட்டேன்.