ஐந்தரை மணி நேரம் பின்னால் போன கடிகாரம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். கணினி 2017இல் வாங்கியது; இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியப்போகிறது என்றதும் 11க்குப் போகலாமா என்று பார்த்தேன். என் செயலி அதன் பட்டியலில் இல்லை. குறுக்கு வழிகள் உண்டு. சோறு போடும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நெருக்கடி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் டாக்கரை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாகத்தான் ஓட்டிவந்தேன். அதற்குள் ஓடுவது ஒரு மெய்நிகர் லினக்ஸ். அது இருக்கிற ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். மீதி நான்கு ஜிபியில் பிரௌசரும் எடிட்டரும் முட்டிக்கொள்ளும். எப்படியும் லினக்ஸில்தான் வேலை, அதை நேராகவே ஓட்டினால் என்ன?

ஒரே பென்டிரைவில் பல இயங்குதளங்களை வைக்க உதவும் வென்டாய் போட்டு, டெபியன் 13, உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 என்ற மூன்று லினக்ஸ் வகைகளையும் ஏற்றி, நிறுவாமலே ஒவ்வொன்றையும் ஒரு மாலை ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு லினக்ஸான ஃபெடோராவை ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்பதாலேயே ஒதுக்கினேன். இதே கணினியில் தட்டும் அப்பா, திரையில் ஒரு படம் இடம் மாறினாலும் என்னைக் கூப்பிடுவார். மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு. முகப்பும் அவருக்குப் பழகியது போலவே இருந்தது. அதையே நிறுவினேன். அவர் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தட்டச்சு விசைப்பலகை மட்டும். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸும் எம்17என்னும் நிறுவியதும் தமிழ்99 விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே அதுவும் வந்து நின்றது.

மகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு. கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு வழி லினக்ஸ்தான். “ஜிம்ப் எங்கே அப்பா?” என்றாள். படம் திருத்தும் அந்த மென்பொருள் மின்ட்டில் முன்கூட்டியே வருவதில்லை. மென்பொருள் மேலாளரைத் திறந்து அவளே நிறுவிக்கொண்டாள். என்னிடம் கேட்டது கடவுச்சொல் மட்டும்.

வைஃபைக்காக யுஎஸ்பியில் செருகும் டாங்கிள்தான் படுத்தியது. அதை மின்ட் கண்டுகொள்ளவே இல்லை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தில் டிரைவரை இறக்கிச் சரிசெய்ய ஒரு ஞாயிறு போயிற்று.

மனைவியின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் விண்டோஸ் இருந்த பழைய வட்டை அழிக்காமல் வைத்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விண்டோஸ் மூன்றரை காட்டியது. “பேட்டரி போய்விட்டதோ?” என்றாள். நானும் நம்பி, புது பேட்டரி வாங்கி மதர்போர்டில் போட்டேன். அப்போதும் அதே ஐந்தரை மணி நேரம் பின்னால்தான். இத்தனை வருடம் நிரல் எழுதுகிறவன்! லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரே கட்டளையில் தீர்ந்தது.

இப்போது மாதத்தில் நான்கைந்து நாள் விண்டோஸைத் திறக்கிறாள். ஆதரவு முடிந்த விண்டோஸ் இணையத்தில் இருக்க வேண்டாம் என்று, அதற்கு முன்னால் டாங்கிளைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுகிறாள். மறுபடி மாட்ட மறந்து, இணையம் இல்லை என்று என்னைக் கூப்பிடுவதும் நடக்கிறது.