கன்னேரிமுக்கிலிருந்து பாலாடா வரை

நவம்பர் 9, 2024, சனிக்கிழமை

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கு என்னும் படகர் இன மக்களின் ஊரில் உள்ள சல்லிவன் நினைவகத்தை இன்று நிதானமாகப் பார்த்தேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து அமைத்துக்கொண்ட பங்களா, நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பின்னர் செப்பனிடப்பட்டு, இன்று நீலகிரி மாவட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமாக நிற்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம் இங்குள்ள பெருஞ்செல்வம். தோடர் பழங்குடியினரின் குடிலைக் காட்டும் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அந்தக் குடிலின் வாசல், தவழ்ந்துதான் உள்ளே போக முடியும் என்ற அளவுக்குத் தாழ்வாக இருக்கிறது. குளிரையும் காட்டு விலங்கையும் ஒரே நேரத்தில் தடுத்துவிட அந்த உயரமே போதும்.

ஆனால் மலையின் வரலாறு 1819-இல் தொடங்குவதைப் போன்ற எண்ணம் இப்படிப்பட்ட இடங்களில் எளிதாக ஏற்பட்டுவிடுகிறது. 1812-இல் கீஸ், மக்மஹோன் என்ற இருவர் நில அளவைக்காக இங்கே வந்திருக்கிறார்கள். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603-இல், பெனிசியோ என்ற பாதிரியார் மலபார்க் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் எல்லாரும் வந்து பார்த்தது, மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு நாட்டைத்தான்.

வெளியே வந்து ஊருக்குள் நடந்தேன். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் படகர் வீடுகள். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பங்களாவைப் பாத்தாச்சா தம்பி? எங்க ஊரையும் சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்றார். நினைவகத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவர் சொல்லைக் கேட்க வேண்டும்.

நவம்பர் 11, திங்கட்கிழமை

உதகை. சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. இந்த நகரம் முளைத்த இடம் இதுதான். ஏரி வெட்டியது, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கொண்டுவந்தது என்று சல்லிவனைப் பற்றி எல்லாரும் சொல்வதுண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: இந்த மலையின் நிலம் தோடர்களுக்கு உரிமையானது என்று அவர் தம் அரசுடனேயே வாதாடியிருக்கிறார். அந்த வாதம் கடைசியில் எடுபடவில்லை என்பதை இன்றைய உதகையைப் பார்க்கிறவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அங்கிருந்து புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-இல் அடிக்கல் நாட்டி, 1830-இல் அர்ச்சிக்கப்பட்டது. கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. இருக்கையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தபோது, தோற்ற மன்னரின் மாளிகை மரம் வென்றவர்களின் கோயிலைத் தாங்குகிறதே என்ற எண்ணம் என்னை விடவில்லை. பின்புறம் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டதால் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை

முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வழி நெடுகக் கேரட் தோட்டங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு குடிகளின் வாழ்வையும் ஒரே இடத்தில் காண முடிகிறது. கோத்தர்களிடம் ஆண்கள் இரும்பு அடிப்பார்கள், பெண்கள் பானை வனைவார்கள். தோடருக்கும் படகருக்கும் வேண்டிய கருவியும் கலமும் அவர்களிடமிருந்தே போயின, சாவு வீட்டுக்கு இசையும் அவர்களுடையதே. ஒரு குடியை விட்டு இன்னொரு குடியின் கதையைச் சொல்ல முடியாது என்பது இங்கே நன்றாக விளங்குகிறது.

இவற்றைவிடப் பழமையான பொருள்கள் இந்த மலையில் கிடைத்தவைதாம், ஆனால் இன்று இங்கே இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் மலையுச்சிகளில் இருந்த கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த ஈமத் தாழிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில பொருள்கள் லண்டனுக்கும் போயின. எழும்பூரில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். தாழி மூடியின் மேல், கொம்பு வளைந்த ஓர் எருமை, கைவிரலால் பிசைந்து வைத்ததைப் போல நிற்கும். இன்றும் எருமையைப் போற்றும் மலை இது. அந்த மூடியை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. அசல் வராவிட்டாலும், அளவு மாறாத நகல்கள் நான்கைந்தைச் செய்து, எந்தக் குன்றில் எடுத்தது என்ற குறிப்புடன் கன்னேரிமுக்கில் வைக்கலாம். இதை மாவட்ட நிர்வாகத்துக்கு மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன்.